நூறாம் எண் அறையில் விஞ்சி நிற்பது அவலச் சிரிப்பே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

1978 அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் செல்சீ ஹோட்டலில், நூறாம் எண் அறையின் குளியலறையில், நான்சி ஸ்பங்கன் என்ற 20 வயதுப் பெண் வயிற்றில் கத்திக்குத்துப்பட்டு இறந்துகிடந்தார். அவருடைய காதலரும், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் (முரட்டுத்தனமான, கலகக்கார ராக் இசை) குழுவின் முன்னாள் உறுப்பினருமான சிட் விஷஸ் கைது செய்யப்பட்டார். இந்தக் கதையில் விஞ்சி நிற்பது மர்மமா, அவலச் சிரிப்பா என்பதே இன்றைய வழக்கு. மர்மமே என்று எனக்கு முன்னால் பேசிய நண்பர் அழகாக வாதாடினார். அன்றிரவு அந்த அறைக்குப் போதைப்பொருள் கொண்டுவந்தவர்கள் யார், அறையில் இருந்ததாகச் சொல்லப்படும் பணம் எங்கே போயிற்று என்று அவர் அடுக்கியபோது, எதிரணியில் உட்கார்ந்திருக்கும் எனக்கே ஒரு நொடி உடல் சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அணி அந்தப் பெண்ணின் சாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தச் சாவைச் சுற்றி நின்று கடை விரித்தவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே சிக்கிக்கொள்வதால்தான் அதை அவலச் சிரிப்பு என்கிறோம்.

நண்பர் மர்மம் என்று எதைச் சொல்கிறார்? முடிச்சு ஒன்று இருக்க வேண்டும். அதை ஒளித்துவைத்த அறிவாளி ஒருவர் இருக்க வேண்டும். அவிழ்க்க முயலும் இன்னோர் அறிவாளியும் இருக்க வேண்டும். இந்தக் கதையில் அறிவாளி எங்கே இருக்கிறார் என்று தேடிப் பார்ப்போம். லண்டனில் துணிக்கடை நடத்திய மால்கம் மெக்லாரன் என்பவர்தான் இந்தக் குழுவின் மேலாளர். 1977 தொடக்கத்தில் குழுவின் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) கலைஞர் விலகியபோது அந்த இடத்துக்கு எடுக்கப்பட்ட சிட்டுக்கு அந்தக் கருவியைச் சரியாக வாசிக்கத் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் தோற்றம்தான்: குத்திட்டு நிற்கும் தலைமுடி, கழுத்துச் சங்கிலியில் ஒரு பூட்டு, யாரோடும் மோதத் தயாரான முகம். அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வாசித்தவர் இன்னொரு கிட்டார்க் கலைஞரான ஸ்டீவ் ஜோன்ஸ். 'சிட்' என்ற பெயரே அவருடைய நண்பர் ஒருவர் வளர்த்த, சிட்டைக் கடித்த வெள்ளெலியிடமிருந்து வந்தது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை. கொலைக் கதைக்குக் கதாநாயகனை இப்படித் தேர்ந்தெடுத்துவிட்டு அதை மர்மம் என்றால் எப்படி?

அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஒப்பந்தக் கூத்தையும் கேளுங்கள். பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேசை போட்டு, புகைப்படக்காரர்கள் சூழ, ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்தோடு குழு கையொப்பமிட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அச்சிட்ட தட்டுகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. பணம் மட்டும் குழுவோடு தங்கிவிட்டது. எதிலும் பணம் பண்ணலாம், அவமானத்தில் இன்னும் நன்றாகப் பண்ணலாம் என்ற பாடத்தை மேலாளர் அன்றே படித்துவிட்டார். அந்தப் பாடம்தான் பின்னர் ஒரு பிணத்தின் மீதும் செயல்பட்டது.

இப்போது அந்த அறைக்கு வருவோம். தானே செய்ததாகச் சிட் ஒப்புக்கொண்டார் என்றது காவல்துறை. தூங்கிக்கொண்டிருந்தேன், எதுவும் நினைவில்லை என்றும் அதே சிட் சொன்னார். இரண்டையும் அவர் நம்பியே சொல்லியிருக்கலாம். அவ்வளவு மாத்திரை மயக்கம். நண்பரின் மர்மத்துக்குத் தலைமைச் சாட்சி இவர்தான். விசாரித்த நகரமோ, 1975இல் திவாலின் விளிம்புக்குப் போய், ஆயிரக்கணக்கான காவலர்களை வேலையைவிட்டு அனுப்பிய நகரம். சிட்டின் பிணைத்தொகை 50,000 டாலர். அதைக் கொடுத்தது வர்ஜின் இசைத்தட்டு நிறுவனம். வெளியே வந்தவர் டிசம்பரில் ஓர் இரவு விடுதியில் பாடகி பட்டி ஸ்மித்தின் சகோதரரைத் தாக்கி, மீண்டும் சிறைக்குப் போனார். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறத்தாழ இரண்டு மாதம் இருந்து, போதைப் பழக்கத்திலிருந்து உடல் ஓரளவு விடுபட்ட நிலையில், 1979 பிப்ரவரி 1 அன்று வெளியே வந்தார். வந்ததைக் கொண்டாட நண்பர்கள் விருந்து வைத்தார்கள். மறுநாள் காலை ஹெராயின் அளவு மீறி அவர் இறந்துகிடந்தார், வயது 21. குற்றஞ்சாட்டப்பட்டவரே போய்விட்டதால் வழக்கு மூடப்பட்டது. எந்தச் சூழ்ச்சிக்காரரும் திட்டமிட்டு உண்மையைப் புதைக்கவில்லை, நடுவர் அவர்களே. விடுதலைக் கொண்டாட்டம் புதைத்தது!

இடையில் நடந்த ஒன்றை எதிரணி நண்பர் சொல்லாமல் தாண்டிவிட்டார். கைதுக்குப் பிறகு மெக்லாரனின் கடையில் ஒரு டி-சட்டை விற்பனைக்கு வந்தது. அதில் சிட்டின் படம். சுற்றிலும் வாடிய ரோஜாக்கள். 'அவள் இறந்துவிட்டாள், நான் உயிரோடு இருக்கிறேன், நான் உங்களுடையவன்' என்ற பொருளில் மூன்று வாசகங்கள். பெண்ணைப் பெற்றவர்கள் துக்கத்தில் இருக்க, விசாரணையே தொடங்காத நிலையில், கடையில் அளவு பார்த்து வாங்கிப் போகிறார்கள். பிப்ரவரி 2 அன்று அந்த நடு வாசகம் பொய்யாயிற்று. மற்ற இரண்டும் இன்றுவரை மெய்யாக இருப்பதால்தான் சிட்டின் படம் போட்ட சட்டை இன்னும் விற்கிறது. இதைவிடக் கறுத்த நகைச்சுவையை எந்த நாடக ஆசிரியரும் துணிந்து எழுதமாட்டார்.

சரி, தடயமாவது மிஞ்சியதா? அந்த அறையைத் தேடி ரசிகர்கள் வரத் தொடங்கியதால், ஹோட்டல் நிர்வாகம் அதைப் பிரித்துப் பக்கத்து அறைகளோடு சேர்த்துவிட்டது. நியூயார்க் பங்க் இசையின் தாய்வீடான சி.பி.ஜி.பி. என்ற இரவு விடுதியின் கழிப்பறைக்கோ வேறு யோகம்: 2013இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதன் மாதிரியை அழுக்கும் கிறுக்கலுமாக அப்படியே அமைத்துக் காட்சிக்கு வைத்தது. கொலை நடந்த அறை காணாமல் போகிறது, கழிப்பறை கலைப்பொருளாகிறது. 2015இல் வர்ஜின் பெயர் தாங்கிய வங்கி, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் தட்டு உறைகளை அச்சிட்டுக் கடன் அட்டை வெளியிட்டதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மை இன்னும் தெரியவில்லையே, அதுதானே மர்மம் என்று நண்பர் கேட்பார். தெரியவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். சிட் கொன்றார் என்று நான் சொல்லவில்லை, கொல்லவில்லை என்றும் சொல்லவில்லை. ஏன் தெரியவில்லை என்பதில்தான் எங்கள் வழக்கு நிற்கிறது. சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறவில்லை, குறுக்கு விசாரணை நடக்கவில்லை, குற்றம் நடந்த அறையே இன்று இல்லை. இதில் எந்த முடிச்சை அவிழ்க்கப் போகிறார் என்பதை எனக்குப் பின் வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும். சொல்லிவிட்டால் தீர்ப்பை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே.