2 பெருசா, 9 பெருசா? துப்பாக்கிக் குண்டின் தலைகீழ்க் கணக்கு

2 பெருசா, 9 பெருசா? சிரிக்காதீர்கள். 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டில் 2தான் பெருசு!

வணக்கம் மதுரை மக்களே. முதலில் சட்டம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே பறவை வேட்டை குற்றம். அழகர்மலை அடிவாரத்தில் கௌதாரி சுட்டால், அடுத்த வீடியோவை ஜெயிலில் இருந்துதான் போட வேண்டும். அதனால், வேட்டைக்கு லைசென்ஸ் தரும் அமெரிக்காவின் கணக்கைப் பார்ப்போம்.

கீழமாசி வீதி மளிகைக் கடையில் கொஞ்சம் கடுகும் மிளகும் வாங்கி உள்ளங்கையில் கொட்டுங்கள். 9ஆம் நம்பர் குண்டு 2 மில்லிமீட்டர், கடுகு சைஸ். 2ஆம் நம்பர் 3.8 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட சின்ன மிளகு. இந்த நம்பர் எப்படி வருகிறது? இதுதான் எனக்குப் பிடித்த இடம். 17இல் இருந்து நம்பரைக் கழியுங்கள். 17இல் 9 போனால் 8, அதாவது விட்டம் 0.08 அங்குலம். 17இல் 2 போனால் 15, விட்டம் 0.15 அங்குலம். நேராக மில்லிமீட்டரிலேயே எழுதித் தொலைத்திருக்கலாம், கேட்டால்தானே!

சரி, எதை எதற்குப் போடுவது? 28 கிராம் ஈயத்தில் 9ஆம் நம்பர் குண்டு ஏறக்குறைய 585 இருக்கும், 2ஆம் நம்பர் வெறும் 87. குழலை விட்டு வெளியே வந்ததும் குண்டுகள் விரிந்துகொண்டே போகும். காடைக்கு 87ஐ அனுப்பினால் அது இடைவெளியில் தப்பிவிடும். பெரிய பறவைக்குக் கடுகை அனுப்பினால் வேகம் சீக்கிரம் குறைந்து, இறகைத் தாண்டி ஆழமாக இறங்காது. காயத்தோடு பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும். அது வேட்டையே இல்லை, கொடுமை. அதனால்தான் புறா, காடைக்கு 7½ அல்லது 8. ஃபெசன்ட் கோழிக்கு 4 முதல் 6.

வாத்துக்குக் கதையே வேறு. இரை அரைபடக் கல் பொறுக்கும் வாத்து, நீரடியில் கிடக்கும் ஈயக் குண்டையும் சேர்த்து விழுங்கி, விஷமேறிச் சாகும். 1991இல் அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தைத் தடை செய்தார்கள். அதற்குப் பதிலாக வந்த எஃகு எடை குறைவு என்பதால் இரண்டு சைஸ் பெருசாகப் போடுவார்கள்: ஈயத்தில் 4 என்றால் எஃகில் 2.

சுடும் ஆசை தீரவில்லையா? வானில் வீசும் களிமண் தட்டைச் சுடுங்கள். நம்ம பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் போட்டியில் அதைத்தான் சுட்டார். அங்கே குண்டு 2.6 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அதாவது சுமார் 0.10 அங்குலம். அது எத்தனையாம் நம்பர்? கழித்துப் பார்த்து கமெண்டில் போடுங்கள், அப்படியே சப்ஸ்கிரைபும் பண்ணிவிடுங்கள்.