பாடாமல் நின்ற மூவர்

நேயர்களுக்கு வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடிமையியல் கற்பித்தவன் நான். பள்ளியில் பேச்சுரிமையின் எல்லை எது என்னும் கேள்வி, ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடவில்லை. நீங்கள் எல்லோரும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் வரிசையாக நின்றவர்கள்தாம். அந்த வரிசையை மனத்தில் இருத்திக் கேளுங்கள்.

கேரளத்தில், 1985ஆம் ஆண்டு, அப்படியொரு வரிசையில் உடன்பிறந்த மூவர் நின்றார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அப்பிள்ளைகள், நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது மற்றவர்களைப் போலவே எழுந்து மரியாதையாக நின்றார்கள். தங்கள் சமயம் இடம் தராததால் பாட மட்டும் இல்லை. நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதைத் தேசப்பற்றின்மை என்று கருதி அவையில் எழுப்பினார். விசாரித்த ஆணையம், பிள்ளைகள் நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்றே தெரிவித்தது. ஆயினும் கல்வித்துறை அதிகாரியின் அறிவுறுத்தலின்படி அந்த ஜூலையில் மூவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அத்தீர்ப்பில் ஆசிரியர்கள் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும். துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது. 1971ஆம் ஆண்டுச் சட்டமோ, நாட்டுப்பண் பாடுவோரைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையும்தான் குற்றம் என்கிறது. அப்பிள்ளைகள் யாரையும் தடுக்கவில்லை. மீண்டும் சொல்கிறேன்: நின்றார்கள், பாடவில்லை. பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும் என்பதை நாடு மூன்று பிள்ளைகளிடமிருந்து கற்றது.

இவ்வழக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் ஒரு மாணவனாவது, "அப்படியானால் ஆசிரியரையும் திட்டலாமா, ஐயா?" என்று கேட்பான். நல்ல கேள்வி அது. அரசமைப்பின் 19ஆவது பிரிவு உரிமையைத் தந்த கையோடு பொது ஒழுங்கு, நன்னெறி, அவதூறு முதலியவற்றை முன்னிட்டு நியாயமான கட்டுப்பாடுகளுக்கும் இடம் வைத்திருக்கிறது. ஆசிரியர் போட்ட மதிப்பெண் தவறு என்று ஒரு பிள்ளை எழுந்து சொன்னால், குரல் சற்று உயர்ந்திருந்தாலும், நான் அதைக் கேட்டே ஆக வேண்டும். அதே பிள்ளை பக்கத்து இருக்கைக்காரனைச் சாதிப் பெயர் சொல்லி அழைத்தால் அந்தக் கணமே நிறுத்துவேன்; ஏனெனில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு, அழைக்கப்பட்டவன் அந்த ஆண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்காமல் போவதைக் கண்டிருக்கிறேன். அடுத்தவன் வாயை அடைக்கும் பேச்சுக்கும் அதிகாரத்துக்குப் பிடிக்காத பேச்சுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பள்ளிகள் பெரும்பாலும் தலைகீழாகப் பிடித்துக்கொள்கின்றன: முன்னதை விளையாட்டு என்று விட்டுவிட்டுப் பின்னதற்குத் தண்டனை தருகின்றன.

பள்ளிக்கு வெளியேயும் இதே கதைதான். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' திரைப்படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுத் தந்தது. போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சை அடக்க முடியாது. ஆபத்து, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல, பேச்சோடு நேரடியாகப் பிணைந்திருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

இணையப் பேச்சைக் குறித்தும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். எரிச்சலூட்டும் பதிவுக்கே சிறை என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் நீக்கியது. எரிச்சல் என்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. தலைமையாசிரியர்கள் தங்கள் பள்ளியின் ஒழுங்கு விதிகளை எடுத்து, அவற்றில் அளவுகோல் இல்லாத சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.