நாமினி போட்டாச்சு, அப்புறம் உயில் எதற்கு?

[திரையில்: பழைய வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம்]

இந்தப் பாஸ்புக்கைப் பாருங்கள். முதல் வேலையில் சேர்ந்தபோது ஒருவர் சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போது வயது 23. நாமினி கட்டத்தில் அம்மா பெயர். அப்புறம் கல்யாணம், ஒரு மகன், ஒரு மகள், வீட்டுக் கடன் என்று இருபது வருடம் ஓடிவிட்டது. அந்தக் கட்டத்தில் மட்டும் இன்னும் அம்மா பெயர்தான்.

இந்த வங்கியில் அவர் போட்டு வைத்த 12 லட்சம் ரூபாய் டெபாசிட், அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கு?

"இதென்ன கேள்வி, நாமினிக்குத்தான்" என்று தோன்றும். வங்கி பணத்தை நாமினி கையில்தான் கொடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாங்குவது வேறு, சொந்தமாவது வேறு. வாரிசுகள் சார்பில் பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான் நாமினி. 1984-இல் சர்பதி தேவி வழக்கில், ஆயுள் காப்பீட்டுப் பணம் பற்றி உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகளுக்கும் அதையே சொன்னது. நடுவில் காப்பீட்டுக்கு மட்டும் சட்டம் மாறியது. 2015-லிருந்து, பாலிசிதாரர் தன் பெற்றோரையோ கணவன் மனைவியையோ பிள்ளைகளையோ நாமினியாகப் போட்டிருந்தால், பணம் அவர்களுக்கே சொந்தம்.

[திரையில்: 12 லட்சம், நான்கு கூறுகளாக]

சரி, நம் ஆளுக்கு வருவோம். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் நால்வருக்கும் சம பங்கு. ஆளுக்கு 3 லட்சம். அப்பா இருந்தாலும் இந்த முதல் வரிசையில் அவருக்கு இடமில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்களுக்கு ஷரியத் முறை. அந்தக் கணக்குகள் வேறு.

இப்போது பெண்கள் கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளைகள் இல்லாத, கணவரை இழந்த ஓர் இந்துப் பெண், தன் சம்பளத்தில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். உயில் இல்லை. அந்த வீடு அவரைப் பெற்ற அம்மாவுக்குப் போகாது. முதலில் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். அவர்களில் ஒருவருமே இல்லை என்றால்தான் அம்மா, அப்பா. கொழுந்தனுக்கு வீடு, பெற்றவளுக்கு ஒன்றுமில்லை என்கிற நிலை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு இது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் உயில் எழுதி வைத்துவிட்டால் இந்தப் பிரிவு குறுக்கே வராது.

[திரையில்: ஒரு வெள்ளைத் தாள், பேனா]

அந்த ஒரு பக்கத்துக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, செய்தால் பிற்காலத்தில் "இது போலி" என்று வாதிடுவது கடினம், அதனால் செய்வது நல்லது. கட்டாயம் வேண்டியவை உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும். சாட்சிகள் உயிலைப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னால் அவர்களும் போட வேண்டும். உயில்படி சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். சாட்சி உங்களைவிட வயதில் இளையவராக இருந்தால் இன்னும் வசதி.

உள்ளே "என் வீடு மகளுக்கு" என்று மொட்டையாக எழுதினால் போதாது. பத்திர எண், சர்வே எண், கதவு எண் எல்லாம் வேண்டும். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். கடைசியில் ஒரு வரி: "இதில் குறிப்பிடாத மற்ற சொத்துகள் இன்னாருக்கு." உயில் எழுதிய பிறகு வாங்கும் ஸ்கூட்டர் முதல் நிலம் வரை அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மனம் மாறினால் புதிதாக எழுதலாம். முறைப்படி எழுதியதில் கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

"இதற்குப் பதில் இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால்?" என்று கேட்பவர்கள் உண்டு. செட்டில்மெண்ட் பதிவான அன்றே சொத்து கைமாறிவிடும். பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், மகன் கைவிடும்போது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் அதை ரத்து செய்யக் கேட்கலாம். குடியிருக்கும் ஒரே வீடு என்றால் நான் உயில் பக்கம்தான் நிற்பேன்.

இத்தனைக்கும் பிறகு நாமினி வேண்டாமா என்றால், வேண்டும். நாமினி இல்லாவிட்டால் வாரிசுச் சான்று, நோட்டரி, வங்கி என்று குடும்பம் அலைய வேண்டிவரும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். உயிலில் ஒரு பெயர், நாமினியில் வேறு பெயர் என்று இருந்தால் சண்டைக்கு நாமே பிள்ளையார் சுழி போட்டது போல. இரண்டையும் ஒரே நாளில் உட்கார்ந்து சரிபாருங்கள்.

[திரையில்: மீண்டும் அதே பாஸ்புக், பக்கத்தில் ஒரு கவர்]

அப்புறம், எழுதிய உயிலை உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். உயில் கிடைக்க லாக்கரைத் திறக்க வேண்டும், லாக்கரைத் திறக்க வங்கி கேட்கும் காகிதங்களுக்கு அலைய வேண்டும். வீட்டு பீரோவில், பத்திரங்களோடு ஒரு கவரில் வையுங்கள். அது எந்தத் தட்டில் இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.