கணுக்கால் ஸ்பிளிண்ட்டும் வளவுத் தரையும்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்து தேறி எழுந்தவர்களில் பலருக்குப் பாதத்தின் முன்பகுதி தூக்க வராது, தரையில் இழுபடும். நம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வீடுகளில் முகப்பிலிருந்து வளவுக்குள், அதாவது உள்முற்றத்துக்குள், போவதற்குள் உயரமான நிலைப்படியைத் தாண்டியாக வேண்டும். தொங்கும் பாதம் அங்கேதான் தட்டும்.

அதற்காகக் கொடுப்பதுதான் கணுக்கால் ஸ்பிளிண்ட், பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை. அளவெடுத்து அதைச் செய்து தருவது எங்கள் தொழில். காலில் மாவுக்கட்டு போட்டு, இறுகியதும் வெட்டி எடுப்போம். அந்தக் கூட்டுக்குள் மாவைக் கரைத்து ஊற்றினால் உங்கள் காலின் அச்சு வந்துவிடும். கணுக்கால் எலும்பு புடைத்த இடத்தில் கொஞ்சம் மாவு அப்பி இடம் விடுவோம். அழுத்தம் தாங்கும் இடத்தில் சீவிவிடுவோம். எங்கள் தொழிலின் உயிரே இந்த வேலையில்தான். பிறகு பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகட்டைக் கண்ணாடிபோல் தெளியும்வரை சூடாக்கி, அச்சின்மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சினால் அப்படியே படிந்துவிடும். கால் லேசாகத் தொங்கினால் கடையில் விற்கும் ரெடிமேடு போதும். விறைத்து உள்பக்கம் திரும்பும் காலுக்கு அது போதாது. அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்த ஸ்பிளிண்ட் ஷூவுக்குள் போடுவதற்கென்று வடிவமைத்தது. நாமோ வீட்டுக்குள் செருப்புகூடப் போடுவதில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்த ஆத்தங்குடிக் கல் தரையில் வெறும் பிளாஸ்டிக்கை வைத்தால் வழுக்காமல் என்ன செய்யும்? அளவு கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டித் தருவார்கள். தடிமனாக ஒட்டச் சொல்லாதீர்கள், ஒரு கால் உயர்ந்து நடை கோணிவிடும்.

முதல் நாளே முழுநேரமும் போட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது, கருத்துத்தான் தெரியும். அரை மணியில் மறைந்தால் கவலையில்லை. சர்க்கரை உள்ள அப்பத்தாவுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அவர் வலிக்கிறது என்று சொல்வார் என்று காத்திருக்காதீர்கள், பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

தடம் மறையவில்லையா? அந்த இடத்தைச் சூடாக்கி வெளியே தள்ளிவிடுவது எங்களுக்குச் சின்ன வேலை. "கடிக்குது" என்று பரணில் தூக்கிப் போட்ட ஸ்பிளிண்ட்டுகளைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. அதை இறக்கித் துடைத்து, வழக்கமாகப் போடும் காலுறையோடு எடுத்துக்கொண்டு, செய்தவரிடமே போங்கள்.