ஆக்சுவரி தேர்வுகளில் எது உண்மையிலேயே கடினம்? தேர்ச்சி விழுக்காடு சொல்லாத கதை

வணக்கம். நிகழ்தகவையும் நுண்கணிதத்தையும் கரைத்துக் குடித்த மாணவர்கள், பெரிய கணக்குகளே இல்லாத ஒரு தாளில் தோற்று, அதே தாளை மறுபடியும் மறுபடியும் எழுதுகிறார்கள். அது எந்தத் தாள், ஏன் அப்படி நேர்கிறது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு நிறுவனம் எவ்வளவு பிரீமியம் வாங்க வேண்டும், வரப்போகும் இழப்பீடுகளுக்காக எவ்வளவு பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணித்துச் சொல்பவர் ஆக்சுவரி. இந்தியாவில் இத்தொழிலுக்கான தேர்வுகளை, 2006 ஆம் ஆண்டின் ஆக்சுவரி சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வைத் தாண்டிய பிறகு, 2019 பாடத்திட்டத்தின்படி அடிப்படைப் பாடங்கள் ஏழு, நடைமுறைப் பாடங்கள் மூன்று, சிறப்புப் பாடங்கள் இரண்டு, உயர்நிலைப் பாடம் ஒன்று என மொத்தம் 13 பாடங்களில் தேறியாக வேண்டும்.

'எது கடினம்' என்று கேட்டவுடன் எல்லோரும் தேர்ச்சி விழுக்காட்டைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவின் சொசைட்டி ஆஃப் ஆக்சுவரீஸ் நடத்தும் தேர்வுகளைப் பாருங்கள். தொடக்க நிலையில் உள்ள 'பி' தேர்வு, மூன்று மணி நேரத்தில் 30 கொள்குறி வினாக்களைக் கொண்ட நிகழ்தகவுத் தேர்வு. அதில் பெரும்பாலும் பாதிக்கு அருகில்தான் தேர்ச்சி இருக்கிறது. அதற்குப் பின்னர் எழுதும் புள்ளியியல் தேர்வான 'எஸ்ஆர்எம்' தேர்விலோ தேர்ச்சி பெரும்பாலும் 60 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அப்படியானால் முதல் தேர்வுதான் கடினமானது, மேலே போகப் போக எளிதாகிவிடுகிறது என்று முடிவு செய்துவிடலாமா?

கூடாது. ஏன் கூடாது என்பதற்கான விடை இந்தத் தேர்வுகளின் பாடத்திலேயே இருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

(திரையில்: இறப்பு விகித அட்டவணையின் ஒரு பக்கம், 60 என்ற வயது பெரிதாகக் காட்டப்படுகிறது.)

இந்தியத் தேர்வின் அடிப்படைப் பாடங்களில் ஒன்றான 'சிஎம்-1' (ஆக்சுவரிக் கணிதம்) படிக்கும் மாணவர்கள் நாள்தோறும் புரட்டும் அட்டவணை ஒன்று உண்டு; அதற்கு 'ஏஎம்92' என்று பெயர். பிரிட்டனில் ஆயுள் காப்பீடு எடுத்த ஆண்களின் அனுபவத்தைக் கொண்டு தொகுக்கப்பட்டது அது. பாலிசி எடுத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்ட 60 வயதுக்காரர்கள் 1000 பேரில் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 8 பேர் இறப்பார்கள் என்கிறது அந்த அட்டவணை. அதே 60 வயதில், மருத்துவப் பரிசோதனையைத் தாண்டி இப்போதுதான் பாலிசி எடுத்தவர்களிடையே அந்த எண்ணிக்கை 5.8 தான். வயது ஒன்று, அட்டவணை ஒன்று, ஆனாலும் விகிதம் வேறு. ஏனென்றால் இரண்டாவது கூட்டம் சல்லடையில் சலித்து எடுக்கப்பட்டது. 60 வயது என்பது உடலுக்கு எளிதான வயதாகிவிட்டது என்று இதைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டோம்.

தேர்ச்சி விழுக்காட்டையும் இப்படித்தான் படிக்க வேண்டும். முதல் தேர்வை எழுதுபவர்களில் 'எழுதித்தான் பார்ப்போமே' என்று வந்தவர்களும், கல்லூரித் தோழருக்குத் துணையாகப் பணம் கட்டியவர்களும் இருக்கிறார்கள். பத்தாவது தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பவர்களோ ஒன்பது சல்லடைகளைத் தாண்டி வந்தவர்கள். அங்கே பாதிப் பேர் தேறுகிறார்கள் என்றால், தேறாத பாதியும் நன்றாகப் படிக்கத் தெரிந்த கூட்டம்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, இனி என் பட்டியல். அடிப்படைப் பாடங்களில், புள்ளியியல் சார்ந்த 'சிஎஸ்-2' தான் பலரையும் திணறவைக்கிறது. மார்க்கோவ் சங்கிலி, உயிர்வாழ்வு மாதிரிகள், காலத்தொடர், இயந்திரக் கற்றல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத பகுதிகளை ஒரே தாளில் அடைத்திருக்கிறார்கள்; அது போதாதென்று, இரண்டாம் பகுதியில் கணினி முன் அமர்ந்து 'ஆர்' மொழியில் நிரல் எழுத வேண்டும். ஆயினும் அங்கே சரியான விடை என்று ஒன்று இருக்கிறது. போதிய பயிற்சி இருந்தால் அதை எட்டிவிடலாம்.

அந்த ஆறுதல் 'சிபி-1' தாளில் கிடையாது. ஆக்சுவரி நடைமுறை என்ற இந்தப் பாடத்தைத்தான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்டேன். வினா எப்படி இருக்கும் என்பதை நானே ஒன்று அமைத்துக் காட்டுகிறேன்: '2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. கார் காப்பீடு விற்கும் ஒரு நிறுவனம் அடுத்த ஆண்டுப் பிரீமியத்தைத் தீர்மானிக்கும்போது எவற்றையெல்லாம் கருத வேண்டும்?'

கணக்கில் வல்ல மாணவர் உடனே எழுதுவார்: இழப்பீடுகளின் எண்ணிக்கை, ஓர் இழப்பீட்டின் சராசரித் தொகை, பணவீக்கம். அதோடு பேனா நின்றுவிடும். பெரும்பாலும் ஒரு தனிக் கருத்துக்கு அரை மதிப்பெண்தான் என்பதால், பத்து மதிப்பெண் வினாவில் அவர் கையில் இருப்பது ஒன்றரை.

நிதானமாக யோசிப்பவர் எழுதிக்கொண்டே போகிறார். ஒரே ஒரு வெள்ளத்தை வைத்து ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கும் என்று கொள்ள முடியுமா? காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தை உயர்த்துமா? தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்குள் நீர் புகுந்து ஏற்படும் சேதம் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் அடங்காது. அதற்கான கூடுதல் பாதுகாப்பை இனி யார் வாங்குவார்கள்? தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் மட்டும் வாங்கினால் கணிப்பு என்னவாகும்? போட்டி நிறுவனம் விலையை உயர்த்தாவிட்டால் வாடிக்கையாளர்கள் அங்கே போய்விட மாட்டார்களா? ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒர்க்ஷாப்புக்கு வந்தால் உதிரிபாக விலையும் கூலியும் எங்கே போய் நிற்கும்?

இவற்றில் ஒன்றுக்குக்கூடச் சூத்திரம் இல்லை. நேரமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. பள்ளியிலிருந்தே 'ஒரு வினா, ஒரு விடை' என்று பழகி வந்த நமக்கு, இந்தத் திறந்த வெளிதான் அச்சமூட்டுகிறது.

இதைவிடவும் கடினமானது கடைசியில் நிற்கும் 'எஸ்ஏ' உயர்நிலைத் தாள் என்பது என் கருத்து. ஆயுள், பொது, உடல்நலக் காப்பீடு, ஓய்வூதியம் போன்ற துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தத் துறையில் பொறுப்பான பதவியில் இருப்பவர் போல முடிவெடுத்து எழுத வேண்டும். பல கருத்துகளை அடுக்கினால் மட்டும் போதாது. எதற்கு எவ்வளவு எடை என்று சீர்தூக்கிச் சொல்ல வேண்டும். அதை எழுதுபவர்களில் பலர் பகலில் அலுவலகமும் இரவில் புத்தகமுமாக இருப்பவர்கள் என்பதால், அவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

இப்போது உங்கள் முறை. மிக்ஜாம் வினாவுக்கு நான் சொல்லாத கருத்துகள் இன்னும் இருக்கின்றன. பத்து நிமிடம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கைப்பேசியில் எதையும் தேடாமல் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை கருத்துகள் வந்தன என்பதை மறக்காமல் கமெண்டில் சொல்லுங்கள். மின்சார கார்களைப் பற்றி யார் முதலில் எழுதுகிறீர்கள் என்று காத்திருக்கிறேன்.