பஸ்கிக்கு முன்னால் இடுப்பு மூட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இடுப்பு எங்கே என்று கேட்டால் நம்மில் பலர் முதுகின் அடியில் கை வைப்போம். நான் பேசப்போவது தொடை இடுக்கின் ஆழத்தில் இருக்கும் இடுப்பு மூட்டைப் பற்றி. தொடை எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழிக்குள் சுழலும் இடம் அது. அந்தக் குழியின் ஆழமும் அது பார்க்கும் திசையும் ஆளுக்கு ஆள் வேறு. வியாசர்பாடி ஜிம்மில் பக்கத்தில் நிற்பவர் தரை தொட பஸ்கி எடுத்தால், நமக்கும் அந்த ஆழம் வந்தே தீரவேண்டும் என்பதில்லை.

உங்கள் மூட்டு எவ்வளவு இடம் தரும் என்பதை வீட்டிலேயே மூன்று சோதனைகளில் பார்த்துவிடலாம். முதலில், குழந்தை தவழ்வதுபோல் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றுங்கள். வீட்டில் ஒருவரை உங்கள் கீழ்முதுகில் உள்ளங்கை வைக்கச் சொல்லுங்கள். பிட்டத்தைக் குதிகால் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். முதுகு கூன ஆரம்பிப்பது கை வைத்தவருக்குத் தெரியும். அதுதான் உங்கள் எல்லை. முழங்கால்களை இன்னும் நாலு விரல் அகட்டி மறுபடி செய்யுங்கள். இப்போது ஆழம் கூடினால் பஸ்கிக்கும் அந்த அகலமே உங்களுக்குச் சரி. இங்கே ஆழம் வருகிறது, நின்று பஸ்கி எடுத்தால் வரவில்லையா? குதிகாலுக்கு அடியில் 2 சென்டிமீட்டர் பலகை வைத்துப் பாருங்கள். உடனே இறங்க முடிந்தால் தடை கணுக்காலில்தான்.

அடுத்தது சுழற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே மடித்த துண்டு வைத்து, பாதத்தை வெளிப்பக்கம் கொண்டுபோங்கள். பாதம் வெளியே போனால் தொடை உள்ளே சுழல்கிறது. 30 முதல் 45 டிகிரி வரை வருவது இயல்பு. பிட்டத்தைத் தூக்கினால் கணக்குத் தப்பிவிடும். காசிமேட்டில் சம்மணம் போட்டு வலை பின்னுகிறவருக்கு அன்றாடம் வெளிச்சுழற்சிதான் வேலை. உள்சுழற்சி குறைந்தாலும் அவருக்கே தெரியாது. உங்களுக்கு அது குறைவாக இருந்தால், பஸ்கியில் காலை அகட்டி, பாதத்தைச் சற்று வெளியே திருப்பி, நாற்காலி உயரம் வரை மட்டும் இறங்குங்கள்.

கடைசியாக, மெத்தை இல்லாத கட்டிலின் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்து, மற்ற காலைத் தொங்கவிடுங்கள். தொடை பலகை மட்டத்துக்கு இறங்கவேண்டும். மேலேயே நின்றால் இடுப்பை மடக்கும் தசை இறுகியிருக்கிறது. தொடை இறங்கியும் முழங்கால் நீட்டி நின்றால் முன்தொடைத் தசை. பிடித்த முழங்காலை விட்டால் முதுகு வில்லாக வளைந்து, இறுக்கத்தை மறைத்துவிடும். இறுக்கம் இருப்பவர்கள் நீள அடி வைக்கும் லஞ்சஸில் ஆரம்பிக்காதீர்கள். வளைவது முதுகாகத்தான் இருக்கும். இறுகிய பக்க முழங்காலைத் தரையில் ஊன்றி, மற்ற பாதத்தை முன்னால் வைத்து, பிட்டத்தை இறுக்கி, 30 விநாடி, மூன்று முறை நில்லுங்கள்.

எந்தச் சோதனையிலும் பின்பக்கம் இழுத்தால் பெரும்பாலும் தசை, பழகப் பழக இளகும். முன்பக்கம், தொடை இடுக்கில், கிள்ளுவதுபோல் வலித்து மூட்டு முட்டி நின்றால் அங்கே அழுத்தவே கூடாது. குழியின் விளிம்பு நசுங்கலாம். யாரையும் முதுகில் ஏறி அமுக்க விடாதீர்கள்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு இந்தச் சோதனைகள் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் உள்சுழற்சி போய், நொண்டலும் தொடை இடுக்கு வலியும் இருந்தால், அதிலும் நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால், உருண்டைத் தலைக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை முழங்கால் வலி என்று நொண்டினால்கூட இடுப்பையும் பார்க்கவேண்டும். பயிற்சியை நிறுத்திவிட்டு, ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில், இரண்டு பக்க இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கக் கேளுங்கள்.