யார் முறை?

(மன்னார்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

'வாழ்க்கையின் பல துறைகளில் எது தகும், எது தகாது' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இதற்குத் தமிழாசிரியர் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். காலமறிதல், இடனறிதல், அவையறிதல் என்று வள்ளுவர் தனித்தனியாகப் பத்துப் பத்துக் குறள் வைத்திருக்கிறார். அதிலேயே ஒரு மணி நேரம் ஓட்டியிருப்பார். நான் வேளாண்மைத் துறையில் களப்பணி பார்த்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது நாற்றங்காலும் வாய்க்காலும்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் பக்கம் 'முறை' என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "நீ செஞ்சது முறையா?" என்றால் நியாயத்தைக் கேட்கிறோம். "இன்னைக்கு யார் முறை?" என்றால் தண்ணீரைக் கேட்கிறோம். மாமன் முறை, மச்சான் முறை என்று உறவுக்கும் அதே சொல்தான். அதற்குள் போனால் இருட்டிவிடும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். தண்ணீர் குறைந்த வருஷம் அது, வயலுக்கு இத்தனை மணி நேரம் வாய்க்கால் தண்ணீர் என்று ஊரில் முறை வைத்துவிட்டார்கள். எங்கள் முறை இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவோடு நானும் போனேன். இரண்டு மணி ஆனபோது மேட்டு மூலை இன்னும் நனையவில்லை. அடுத்த முறைக்காரரையும் காணோம். அப்பா நாலு வெட்டு மண் போட்டு எங்கள் மடையை அடைத்தார். அந்த அடுத்தவரின் மடையைத் திறந்துவிட்டார். "அவருதான் வரலியேப்பா, அந்த மூலைக்கு மட்டும் விட்டுக்கலாமே" என்றேன். "மணி ரெண்டு ஆயிட்டு. இது அவரு தண்ணி" என்றார். அந்த மூலை அந்த வருஷம் பதராகத்தான் போனது.

அப்பாவை மகானாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே அப்பா வரப்பு வெட்டும்போது அடுத்தவர் பக்கம் இரண்டு விரல் தள்ளி வெட்டியதையும் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு அவர் வைத்திருந்த நியாயம் வரப்புக்குச் செல்லாது. நம்மில் பலர் அப்படித்தான். வாழ்க்கையைத் துறை துறையாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒன்றில் நேராகவும் இன்னொன்றில் கோணலாகவும் இருக்கிறோம்.

சரி, தண்ணீருக்கு வருவோம். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். நாலு நாளில் கல்லணைக்கு வரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகும். வெண்ணாறு நீடாமங்கலத்துப் பக்கம் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிந்து, அதில் ஒரு பிரிவுதான் நம் ஊரைத் தொட்டுப் போகும் பாமணியாறாக முத்துப்பேட்டை காயலுக்குப் போகிறது. 2022-இல் மே 24-ஆம் தேதியே மேட்டூரைத் திறந்தார்கள். 2024-இல் அணையில் போதிய தண்ணீர் இல்லை, ஜூலை 28 வரை இழுத்தது. எந்தத் தேதி தக்க தேதி? போர்வெல் போட்டு நாற்றை முன்பே தயாராக வைத்திருப்பவருக்கு மே மாதம் கொண்டாட்டம். வாய்க்காலின் கடைசியில், தூர் வாராமல் கிடக்கும் கடைமடைக்காரருக்கு ஜூன் 12 கூட அவசரம். ஜூலைக் கடைசியில் வந்த தண்ணீர் ஜூனில் தொடங்கும் குறுவைப் பட்டத்துக்கு உதவாது, அடுத்து வரும் சம்பாவுக்கு நல்ல தண்ணீர்.

விதையிலும் இதே கதை. குறுவைக்கு நூற்றுப் பத்து நாளில் அறுப்புக்கு வரும் ரகம் வேண்டும். சி.ஆர். 1009 அருமையான நெல்தான், ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். அதை ஜூனில் போட்டால் அறுப்பு நவம்பர் மழையில் மாட்டும். நெல் நல்ல நெல். போட்ட பட்டம் தப்பு.

காவிரி வழக்கிலும் நான் இதையே சொல்வேன். 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கர்நாடகம் நமக்கு வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) விட வேண்டும் என்றது. எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். அந்த எண்ணுக்குள் மாதக் கணக்கு இருக்கிறது: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று. ஜூலையில் வராத தண்ணீர் ஆகஸ்டில் வெள்ளமாக வந்தால் வருஷக் கணக்கு நேராகிவிடும். ஆனால் நாற்று காய்ந்தது ஜூலையில். அளவு சரியாக இருந்தும் முறை தவறிப்போவது இப்படித்தான்.

இவ்வளவு தெரிந்த நான் வீட்டில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் வரைதான் கணக்கு என்பது உங்களுக்குத் தெரியும். மழை அடித்த வருஷங்களில் தளர்த்தி ஆணை வந்தால்தான் உண்டு. தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காய வைத்துக்கொண்டு, அந்த எண்ணைத் திட்டாத விவசாயி கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் கிடங்கில் அடுக்கிய மூட்டைக்கு அது நியாயமான எண். ஈர நெல் சூடேறிப் பழுப்பாகும், முளைக்கும், நாறும். அந்த இடத்துக்கு அந்தக் கறார் வேண்டும். நான் ஓய்வு பெற்றதும் அந்தக் கறாரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டேன். மளிகைச் செலவுக்கு ஒரு நோட்டுப் போட்டேன். மருமகள் கீரை வாங்கிவந்தால் எத்தனை ரூபாய், மீதி எங்கே என்று கேட்பேன். ஒருநாள் கருவேப்பிலைக்குக் கணக்குக் கேட்டபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். "இங்க யாரும் ஆடிட்டுக்கு வரல. போய்த் திண்ணையில உக்காருங்க" என்றாள். முப்பது வருஷம் அலுவலகத்தில் எனக்குப் பெயர் வாங்கித்தந்த குணம், வீட்டுக்குள் வந்து வெறும் தொந்தரவானது. அங்கே அது என் முறையும் இல்லை.

அடுத்தது சிரிக்க முடியாத விஷயம். சில வருஷங்களுக்கு முன் என் நண்பர் ஒருவரின் மகன் விபத்தில் போய்விட்டான். துக்கம் கேட்கப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. என் தம்பி இளம் வயதில் இறந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான் அழுதுகொண்டிருக்கிறேன், மகனைப் பறிகொடுத்தவர் என் முதுகைத் தடவிக்கொண்டிருக்கிறார். மூலையில் இருந்த ஒரு கிழவி சொன்னார்: "தம்பி, இன்னைக்கு அவன் அழுவட்டும்." அவ்வளவுதான். எனக்கு அந்த ராத்திரி, அரிக்கேன் விளக்கு, அப்பா போட்ட நாலு வெட்டு மண், எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அடுத்தவர் முறையில் நான் என் வயலுக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறேன்.

சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' சொல்லாமல் எழுந்து வருகிறோம் இல்லையா? மறுபடி இப்படி வரக் கூடாது என்பதற்காக என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். நமக்கு விடைகொடுக்கும் வேலையை அன்றைக்கு அவர்களுக்கு வைக்காமல் இருப்பதும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைக்கிறார்களே, அதுவும் முறைதான். இன்று நான் எழுதுகிறேன், நாளை நீ கூடுதலாகத் திருப்பி எழுது. நோட்டு இருக்கிறது, மறைவு ஒன்றும் இல்லை, கடன் என்று தெரிந்தே வாங்குகிறார்கள். ஆனால் நண்பனின் மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது கொடுத்த பணத்தையும் அந்த நோட்டில் ஏற்றிவிட்டால்? அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை நான் முறையை ரொம்ப நல்ல பிள்ளையாகக் காட்டிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. 'முறை' என்று சொல்லியே எத்தனை பேரைக் கைகட்டி நிற்க வைத்திருக்கிறோம்! நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகஸ்வரக்காரர் குடுமி வைத்திருக்க வேண்டும், சட்டை போடக் கூடாது, பெரிய மனிதர் முன்னால் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கு முறை. அவர் கிராப்பு வைத்தார், கோட்டுப் போட்டார், மற்ற வித்வான்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். திமிர் பிடித்தவர் என்றார்கள். 1956-இல் அவர் காலமானார். இன்றைக்கு நாகஸ்வரக்காரர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பதை யாராவது முறைகேடு என்கிறோமா? பழைய முறையை வகுத்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்கள். நின்றவரை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இந்த மண்ணில் நின்று சொல்லாமல் போகக் கூடாது. கீழ்வெண்மணி இங்கிருந்து தொலைவில் இல்லை. 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு பண்ணையார் ஆட்கள் வைத்த தீயில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். எரிந்தவர்களின் வீட்டு ஆட்கள் கூலி உயர்வு கேட்டார்கள், சங்கம் வைத்தார்கள். பண்ணையாள் அப்படிக் கேட்பது அன்றைக்கு 'முறை' இல்லை. ஊரில் முறை வைக்கிறோம் என்று கூடி உட்காரும்போது, முறைப் பட்டியலில் பெயரே இல்லாதவர் யார் என்று பார்க்காவிட்டால், அந்தப் பட்டியல் எத்தனை ஒழுங்காக இருந்தாலும் அது தலைமடைக்காரர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட பட்டியல்தான். பிள்ளைகளின் கல்யாணம், மகளின் வேலை, வயதான அம்மா எந்த வீட்டில் இருப்பது என்று நாம் கூடிப் பேசுகிற எல்லாவற்றிலும் இதைச் சோதித்துப் பாருங்கள். அம்மாவைப் பற்றி நாலு பிள்ளைகளும் பேசுவோம். அம்மா உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள்.

(முதல் கேள்வியை ஓர் அம்மா கேட்டார்: "ஐயா, அந்த மளிகை நோட்டு இப்ப யார்கிட்ட இருக்கு?")

மருமகளிடம். நான் கேட்பதே இல்லை. மாசக் கடைசியில், அவர் மாடிக்குத் துணி காயப்போடப் போகிற நேரத்தில், ஒரு தடவை புரட்டிப் பார்ப்பேன்.

(சிரிப்பு.)

போன மாதம் பார்த்தேன். கருவேப்பிலைக்கு எதிரே ஓசி என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்.